மூன்று மகாமகமும் ஒரு நோட்டும்

சினிமாவில் என் முதல் வேலை எண் எழுதுவது. 1985இல் சாலிகிராமத்தில் ஓர் எடிட்டிங் அறையில் நான்காவது உதவியாளனாகச் சேர்ந்தேன். மூவியோலாவைத் தொட அனுமதி இல்லை. கத்தரியைத் தொடவும் அனுமதி இல்லை. ஒரு நீள நோட்டும் பென்சிலும் கொடுத்து, ரஷ் பிரிண்டின் ஓரத்தில் தெரியும் எண்களை எழுதிக்கொண்டு வா என்றார்கள்.

நெகட்டிவ் பிலிமின் ஓரத்தில் அடிக்கு ஓர் எண் தொழிற்சாலையிலேயே பதிந்து வரும். பிரிண்ட் போடும்போது அது பாசிட்டிவிலும் விழும். நாங்கள் வெட்டுவதும் ஒட்டுவதும் பாசிட்டிவைத்தான். எடிட்டர் முடிவு செய்த பிறகு, எங்கள் நோட்டில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் நெகட்டிவ் கட்டர் மூலப் பிலிமில் கத்தரி வைப்பார். நான் 6ஐ 8 என்று எழுதிவிட்டால் வெட்டு வேறு இடத்தில் விழும். அதற்கு அப்புறம் எந்த வைத்தியமும் இல்லை.

35 எம்.எம். பிலிமில் அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 24 பிரேம் ஓடும்; நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். நான் கும்பகோணத்துக்காரன். 16 என்றதும் எனக்கு மகாமகக் குளத்தைச் சுற்றியிருக்கும் 16 மண்டபங்கள்தான் கண்ணுக்குத் தெரியும். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் ஓர் அடி என்று மனசுக்குள் கணக்கு வைத்துக்கொண்டேன். இன்றும் அந்தக் கணக்கு மறக்கவில்லை.

அந்த நாளில் ‘ஸ்டோரேஜ்’ என்ற சொல் எங்கள் வாயில் வந்ததே கிடையாது. டப்பா என்போம், ஊருக்குப் போகும் பிரிண்ட் என்றால் பெட்டி என்போம். நெகட்டிவ் லேபில் இருக்கும். பணம் பாக்கி என்றால் லேபைவிட்டு வெளியே வராது. ஓடி முடித்த பிரிண்டுகள் குடோனுக்குப் போகும். சென்னை வெக்கையில் பழைய டப்பாவைத் திறந்தால் புளிக்காடி வாசனை மூக்கில் ஏறும். அந்த வாசனை வந்துவிட்டால் பிலிம் சுருங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் வாசனை வரும்வரை எல்லாப் பிலிமும் காத்திருந்ததில்லை. கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி உண்டு. பழைய பிரிண்டுகளை எடைக்கு வாங்கிப்போய், கரைத்து, வெள்ளியைப் பிரித்து எடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ இல்லை. தீ, புழுக்கம், பூஞ்சை என்று காரணம் பல சொல்வோம். இடத்தைக் காலி செய்தால் காசு வரும் என்ற காரணத்தைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வோம்.

1990இல் அப்பாவுக்கு முடியாமல் போனது. ஊருக்குத் திரும்பி, மடத்துத் தெருவில் ஒரு மாடி அறையில் கல்யாண வீடியோ கடை போட்டேன். தோளில் தூக்கும் வி.எச்.எஸ். கேமரா ஒன்று, வி.சி.ஆர். இரண்டு. ஒன்றில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிவு செய்வதுதான் எடிட்டிங். ஒவ்வொரு பதிவுக்கும் கலர் ஒரு படி வெளிறும். பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு முதலில் கரையும். மாலை மாற்றும் இடத்தில் இதயம் மாதிரி ஒரு கட்டம் வரவில்லை என்றால் பெண் வீட்டில் பாக்கிப் பணம் தரமாட்டார்கள்.

காலி கேசட் ஒன்றின் விலை எங்கள் கடைப் பையனின் ஒரு நாள் கூலிக்கு மேல். அதனால் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த கையோடு மூலக் கேசட்டை அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துவிடுவோம். பழையதன் மேலேயே புதியது பதியும். ஊரில் எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். பெரிய இடங்களிலும் இதேதான் நடந்தது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். லண்டன் பி.பி.சி. தன் பழைய நிகழ்ச்சி நாடாக்களை அழித்துத் திரும்பப் பயன்படுத்தியதில், ‘டாக்டர் ஹூ’ தொடரின் 90க்கும் மேற்பட்ட பகுதிகள் அவர்களிடமே இல்லாமல் போயின.

சாலிகிராமத்துப் பழக்கம் விடவில்லை. கேசட்டுகளுக்கு எண் போட்டு ஒரு நீள நோட்டில் எழுதிவைத்தேன். கே.1, கே.2 என்று. என்ன இருக்கிறது, எந்தத் தேதி, எப்போது அழித்தது என்று மூன்று பத்தி.

1992 பிப்ரவரி 18 மாசி மகாமகம். விடியும் முன்பே வடகரையில் ஒரு வீட்டு மாடியில் கேமராவோடு ஏறிவிட்டேன். கூலி கொடுத்து யாரும் கூப்பிடவில்லை. நம் ஊர்த் திருவிழா, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது, எடுத்துவைப்போம் என்றுதான். கீழே தெரு தலைகளாக இருந்தது. தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள், ஈரத் துணியோடு படியேறியவர்கள், பிள்ளையைத் தோளில் வைத்திருந்தவர்கள். மூன்று மணி நேரக் கேசட் ஒன்று முழுசாக ஓடியது. பேட்டரி தீர்ந்து இறங்கி வந்த பிறகுதான் நெரிசலில் பலர் இறந்துபோன செய்தி தெரிந்தது. அந்த நாள் அப்படி முடிந்தது. கேசட்டுக்கு கே.41 என்று எண் போட்டு அலமாரியில் வைத்தேன்.

நான் ஊரில் வி.சி.ஆரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கோடம்பாக்கத்தில் வேறு காற்று வீச ஆரம்பித்திருந்தது. 1994 பொங்கலுக்கு வந்த ‘மகாநதி’யை ஆவிட் கம்ப்யூட்டரில் எடிட் செய்தார்கள்; இந்தியாவிலேயே அப்படி எடிட் ஆன முதல் படம் அது என்பார்கள். கதாநாயகன் எங்களுக்குப் பக்கத்துத் திருநாகேஸ்வரத்துக்காரன். அதனால் படத்தை இரண்டு முறை பார்த்தேன். பழைய சகா ஒருவர் அந்த மாதிரி ஓர் அறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். பிலிம் வாசனையே இல்லாத எடிட்டிங் அறை. மேசைக்கு அடியில் வரிசையாக டிஸ்க்குகள் இரைந்துகொண்டிருந்தன. கணக்காகப் பார்த்தால் ஒரு டிஸ்க்கில் சில ஜிகாபைட்தான். இடம் போதாததால் படத்தை நசுக்கி, மங்கலாக்கித்தான் உள்ளே ஏற்றியிருந்தார்கள். திரையில் வெட்டு முடிந்ததும் எண் பட்டியல் ஒன்று அச்சாகி வரும். அதை வைத்துக்கொண்டு நெகட்டிவ் கட்டர் பழையபடியே கத்தரி வைப்பார். எனக்கு அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. எண் எழுதுகிறவனுக்கு இன்னும் வேலை இருந்தது. கம்ப்யூட்டர் எழுதிற்று, அவ்வளவுதான்.

டிஸ்க்கில் படம் வெட்டும் ஆசை அதற்கும் முந்தியது. 1971இல் அமெரிக்காவில் சி.எம்.எக்ஸ். 600 என்ற இயந்திரம் வந்தது. துணி துவைக்கும் இயந்திரம் அளவுக்கு டிஸ்க் பெட்டிகள். கொள்வது அரை மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு கல்யாணத்துக்கு நலங்கே அதில் அடங்காது.

எங்கள் ஊர்க் கடைக்கு டிஸ்க் வந்து சேர 2001 ஆனது. டி.வி. என்ற டிஜிட்டல் வீடியோ கேமராவும் அதன் சின்னக் கேசட்டும் வந்திருந்தன. ஒரு கேப்சர் கார்டு, 80 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். டி.வி. படம் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி எடுக்கும். முகூர்த்தம், ரிசப்ஷன், ஊஞ்சல் என்று ஆறு கேசட் ஏற்றினால் டிஸ்க் நிரம்பிவிடும். ஆவணியில் ஒரு கல்யாணத்தை இறக்காமல் இன்னொன்றை ஏற்ற முடியாது. விண்டோஸில் பழைய முறையில் பார்மெட் செய்த டிஸ்க்கில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்டாது. தாலி கட்டும் நேரமாகப் பார்த்து பைல் உடையும்.

2004 மார்ச் 6 அடுத்த மகாமகம். அதற்குச் சில நாள் முன்பு நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் மாடியேறி வந்தார்.

“அண்ணே, போன மகாமகத்துல நீங்க வடகரை மாடிலேர்ந்து வீடியோ எடுத்தீங்கள்ல? எங்கப்பா கீழ தண்ணிப் பந்தல்ல மோர் ஊத்திக்கிட்டு நின்னாரு. மேல பாத்து உங்களுக்குக் கை காட்டுனாராம், வீட்டுல வந்து சொன்னாரு. அவரு நல்லா இருக்கையில எடுத்த போட்டோ ஒண்ணு இல்லண்ணே எங்ககிட்ட.”

நோட்டை எடுத்துப் புரட்டினேன். கே.41. மகாமகம், வடகரை. மூன்றாவது பத்தியில் என் கையெழுத்து: ‘ஆவணி 1993. அழித்தது. ரிசப்ஷன்.’

யார் வீட்டு ரிசப்ஷன் என்றுகூட எழுதவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். அந்தக் கேசட் பூஞ்சை பிடித்துப் போயிருந்தால், நாடா சிக்கி அறுந்திருந்தால், காலத்தைக் குறை சொல்லியிருப்பேன். அது நன்றாக இருந்த கேசட். நான்தான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

அன்றிலிருந்து டி.வி. மூலக் கேசட்டை நான் அழித்ததில்லை. 2004 மகாமகம் ஒன்பது கேசட், இன்னும் இருக்கிறது. இதில் எனக்குத் தெரியாமலே ஒரு பாதுகாப்பு அமைந்துபோனது. 2006 ஐப்பசியில் ஒரு டிஸ்க் ‘டிக், டிக்’ என்று பல்லி மாதிரி சத்தம் போட்டு நின்றது. பக்கத்துக் கடைக்காரர் பாலிதீன் பையில் கட்டி பிரிட்ஜில் வை என்றார். வைத்துப் பார்த்தேன், ஈரம் கோத்ததுதான் மிச்சம். ஆனால் கேசட் கையில் இருந்தது. கம்ப்யூட்டரில் எடிட் கணக்கு இருந்தது. டைம்கோடு எண்ணைப் பார்த்து அதுவே கேசட்டிலிருந்து திரும்ப ஏற்றிக்கொண்டது. இரண்டு ராத்திரித் தூக்கம் போயிற்று, கல்யாணம் போகவில்லை. கேசட் நெகட்டிவாகவும் டிஸ்க் வெட்டும் மேசையாகவும் இருந்த காலம் அது. மேசை உடைந்தால் வேறு மேசை போட்டுக்கொள்ளலாம்.

மெமரி கார்டு வந்த நாளில் இது தலைகீழானது. 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்து, போட்டோ கேமராவே சினிமா மாதிரி படம் எடுக்க ஆரம்பித்தது. இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் ஊர்க் கல்யாணங்களுக்கும் வந்துவிட்டது. கேசட்டில் எடுத்தால் அது அலமாரிக்குப் போகும். கார்டில் எடுத்தால் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, சாயங்கால ரிசப்ஷனுக்கு அதையே பார்மெட் செய்து போட்டாக வேண்டும். யாரும் அறிவிக்கவில்லை, யாரும் கூட்டம் போடவில்லை. ஆனால் அந்த நாளில் ஹார்ட் டிஸ்க்தான் நெகட்டிவ் ஆனது. நாங்கள் மட்டும் அதை மேசையாகவே நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு டிஸ்க், ஒரு பிரதி, அதிலேயே எடிட்டிங், அதிலேயே சேமிப்பு. “எந்த டிரைவ் நல்லதுண்ணே?” என்ற கேள்வி தொழிலில் பெரிதாகக் கேட்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

காலமும் சேர்ந்துகொண்டது. 2011 கடைசியில் தாய்லாந்தில் வெள்ளம். உலகத்து ஹார்ட் டிஸ்க்கில் பெரும்பங்கு அங்கே தயாராவது அன்றுதான் எங்களுக்குத் தெரியும். சென்னை ரிச்சி தெருவில் கடைக்காரர் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை சொன்னார். இடம் விலை ஏறினால் மனிதன் என்ன செய்வான்? பழைய கல்யாணங்களை அழித்தான். அடுத்த வருஷம் எங்கள் பக்கம் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டிஸ்க் பிழைக்கும், உள்ளே உள்ள பைல் கணக்கு குழம்பும். இன்வெர்ட்டர் மாறுகிற ஒரு நொடியை கம்ப்யூட்டர் பொறுக்காது, யு.பி.எஸ். வேண்டும் என்பதை மூன்று டிஸ்க்கில் இருந்ததைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் கடைப் பையன்களின் பக்தியும் தன் பங்கைச் செய்தது. ஓர் ஆயுத பூஜைக்கு எல்லா டிஸ்க்குக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துவிட்டான் ஒருவன். சாதாரண டிஸ்க்கின் மேல்தகட்டில் மூச்சுத் துளை ஒன்று உண்டு. உள்ளே வட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். அந்த இடைவெளியைக் காற்றுதான் தாங்குகிறது, அந்தக் காற்றுக்கான துளை அது. ‘மூடாதே’ என்று அதன் பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். சரியாக அதன்மேல்தான் பொட்டு. இப்போது வரும் பெரிய ஹீலியம் டிஸ்க்குகளில் அந்தத் துளை கிடையாது, பொட்டு வைக்கலாம்.

இன்னொருவன் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை 12 வோல்ட் டிஸ்க்கில் சொருகினான். முனை இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு சின்னப் புகை. அன்றிலிருந்து ஒவ்வோர் அடாப்டர் வயரிலும் டிஸ்க்கின் எண்ணைத் துணி நாடாவில் எழுதிக் கட்டியிருக்கிறேன்.

சரி, எந்த டிரைவ் நல்லது? இளம் பையன்கள் கம்பெனி பெயரைக் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் டஜன் கணக்கில் கம்பெனிகள். ஐ.பி.எம். தன் டிஸ்க் தொழிலை ஹிட்டாச்சியிடம் கொடுத்தது. அது பிறகு வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குப் போனது. குவாண்டமை மேக்ஸ்டர் வாங்க, மேக்ஸ்டரை சீகேட் வாங்கியது. இன்று சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே பேர். மூவருமே நல்ல டிஸ்க்கும் செய்திருக்கிறார்கள், சறுக்கியும் இருக்கிறார்கள்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு வேறு நாலு விஷயம் பார்க்கிறேன். முதலாவது, எழுதும் முறை. சில டிஸ்க்குகளில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி இருக்கும். எஸ்.எம்.ஆர். என்பார்கள். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் கிளப்பி அடுக்க வேண்டும். அதனால் இடைவிடாமல் எழுதினால் திணறும். 2020இல், நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்கென்று விற்ற சில டிஸ்க்குகள் சொல்லாமலே இந்த வகையில் இருந்தது வெளியாகிப் பெரிய சர்ச்சை ஆயிற்று. எடிட்டிங்குக்கும், பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டும் ரெய்டுக்கும் நான் தடம் ஏறாத வகை, சி.எம்.ஆர். என்று எழுதியிருப்பதைத்தான் வாங்குகிறேன்.

இரண்டாவது, வெட்டுவதற்கு எஸ்.எஸ்.டி., வைப்பதற்கு ஹார்ட் டிஸ்க். எஸ்.எஸ்.டி. பறக்கும், ஆனால் கரண்ட் கொடுக்காமல் வருஷக்கணக்கில் அலமாரியில் போட்டால் உள்ளே உள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும். அது மேசை, பீரோ இல்லை.

மூன்றாவது, புது டிஸ்க்கை நம்பாதது. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளின் சாவுக் கணக்கை 2013இல் வெளியிட்டது. முதல் ஒன்றரை வருஷம் ஆண்டுக்கு 5.1 சதவீதம், அடுத்த ஒன்றரை வருஷம் 1.4, மூன்று வருஷத்துக்குப் பிறகு 11.8. கைக்குழந்தைக்கும் கிழவனுக்கும்தான் கண்டம். புது டிஸ்க் வந்தால் முழுக்க எழுதி, முழுக்கத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கல்யாணத்தை அதில் வைப்பேன். மூன்று வருஷம் ஆனதை இரண்டாம் பிரதிக்கு இறக்கிவிடுவேன். எச்சரிக்கை வரும் என்று காத்திருப்பதும் வீண். கூகுள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, செத்தவற்றில் பாதிக்கு மேல், டிஸ்க் தன்னைத் தானே கண்காணித்துத் தரும் முக்கியமான ஸ்மார்ட் எச்சரிக்கை எதையும் காட்டாமலே செத்திருந்தன.

நாலாவது, ஜோடி. இரண்டு டிஸ்க்கை ஒரே கடையில் ஒரே நாளில் வாங்குவதில்லை. ஒரே வார்ப்பில் வந்தவை ஒரே நேரத்தில் போகலாம். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், மூன்றாவது திருச்சியில் மகள் வீட்டு மாடியில். ரெய்டு இருக்கிறதே, போதாதா என்பார்கள். ரெய்டு டிஸ்க் சாவைத் தாங்கும். நான் அழித்தால், நிமிஷத்தில் எல்லா டிஸ்க்கிலும் சேர்த்து அழிக்கும்.

2016 பிப்ரவரி 22 மகாமகத்தை மூன்று கேமராவில் கார்டில் எடுத்தோம். அன்று ராத்திரியே மூன்று டிஸ்க்கில் ஏற்றி, பைல்கள் ஒன்றுக்கொன்று சரியா என்று சரிபார்த்த பிறகுதான் கார்டை பார்மெட் செய்யவிட்டேன். பையன்கள் முணுமுணுத்தார்கள். தண்ணீர்ப் பந்தல் எல்லாவற்றையும் தனியாக எடுக்கச் சொன்னதற்கும் முணுமுணுத்தார்கள். காரணத்தைச் சொல்லவில்லை.

ஆடி மாதம் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. அந்த மாதம் டிஸ்க் சுற்றும் மாதம். அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஓடவிட்டு, பழைய கணக்கோடு ஒப்பிட்டு, நோட்டில் டிக் போடுவோம். பழைய நோட்டின் ஓரத்தைக் கரையான் கொஞ்சம் தின்றுவிட்டது. அதனால் நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம். இப்போதிருக்கும் பையன் எண்ணைப் படிப்பான், நான் டிக் போடுவேன். போன ஆடியில் கே.40 படித்துவிட்டு கே.42க்குத் தாவினான்.

“நடுவுல ஒண்ணு விட்டுட்டியே.”

“அது இல்லியே சார். அழிச்சதுன்னு போட்டிருக்கு.”

“படி.”

“கே.41. மகாமகம், வடகரை. அழித்தது.”

அதற்கு டிக் கிடையாது. பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்ததைப் படி என்றேன்.